ஓர் ஆழாக்கு அரிசியின் கணக்கு

26.3. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு இத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐசிஎம்ஆர் நடத்திய இண்டியாப் ஆய்வு, 1,13,043 பேரைப் பரிசோதித்து 2023 ஜூனில் வெளியிட்ட கணக்கு இது. நாட்டுச் சராசரி 11.4, தமிழ்நாடு 14.4. கோவா 26.4 எடுத்து முதலிடத்தில் நிற்க, நாம் 0.1 புள்ளியில் அந்தப் 'பெருமையை' விட்டிருக்கிறோம். ஊர்வாரிக் கணக்கு அதில் கிடையாது என்றாலும் காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரி கொம்யூனில் இருக்கும் நம் வரிச்சிக்குடியும் இந்தப் பிரதேசத்தில்தான் இருக்கிறது.

ஹார்மோனை இயற்கையாகச் சமன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தைராய்டையோ மாதவிடாய்க் கோளாறையோ மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். இன்சுலினும் ஹார்மோன்தான். சாப்பாடும் நடையும் எந்த ஹார்மோனை எவ்வளவு திருத்தும், அதற்கு என்ன செலவாகும் என்பதை ரூபாய் வரைக்கும் கணக்குப் பார்த்திருப்பது இன்சுலின் விஷயத்தில்தான். அந்தக் கணக்கைப் போட்டதும் சென்னையிலேயே. எனவே முதலில் அது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2006இல் வந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாவது பிரிவுக்குச் சாப்பாட்டுத் திருத்தமும் தினம் அரை மணி வேக நடையும். மூன்றாவதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதற்கு இரண்டும். மூன்று ஆண்டு முடிவில் சர்க்கரை நோயாளி ஆனவர்கள், அதே வரிசையில், நூற்றுக்கு 55.0, 39.3, 40.5, 39.5.

இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நடையும் சாப்பாடும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதே சமயம், ஒழுங்காக நடக்கச் சொல்லியும் 39 பேர் நோயில் விழுந்திருக்கிறார்கள். நூற்றில் 16 பேர் தப்பினார்கள், அவ்வளவுதான் லாபம். 'உணவே மருந்து' என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்த 39ஐச் சொல்வதில்லை. மாத்திரை போதும் என்கிறவர்கள் இந்த 16ஐச் சொல்வதில்லை.

செலவுக் கணக்கை அதே குழு 2007இல் வெளியிட்டது. ஒருவருக்கு மூன்றாண்டு மருத்துவச் செலவு முதல் பிரிவில் 61 டாலர், நடை-சாப்பாட்டுப் பிரிவில் 225 டாலர். வித்தியாசம் 164 டாலர். அன்றைய 45 ரூபாய் வீதம் 7,380 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 1,095 நாள் என்றால், நாள் ஒன்றுக்கு ஆறே முக்கால் ரூபாய். ஒருவரைக் காப்பாற்ற 6.4 பேருக்கு இந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியிருந்ததால், தடுத்த ஒவ்வொரு நோய்க்கும் ஆன செலவு 47,341 ரூபாய். மாத்திரை வழியில் 49,280. இரண்டும் சேர்ந்தால் 61,133. கவனியுங்கள், இது பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் ஆன செலவு. அடுப்படிச் செலவு இதில் வராது. அதை நாமே போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

டெல்டாவில் ஒருவர் ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிடுவது அதிசயமில்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு மறுபடி தோசை அல்லது மிச்சச் சோறு, எல்லாமே அரிசிதான். 400 கிராமில் சுமார் 1,420 கலோரி, மாவுச்சத்து மட்டும் 310 கிராமுக்கு மேல். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, மொத்த கலோரியில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. 2,000 கலோரி போதுமான ஆளுக்கு அது 900 கலோரி. அரிசியில் சொன்னால் 250 கிராம். மிச்சம் 150 கிராம். அடுப்படியில் இருக்கும் ஆழாக்கைத் தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய அதுதான். ஆகவே இந்தக் கட்டுரையின் மொத்த ஆலோசனையும் இவ்வளவே: தலைக்கு ஓர் ஆழாக்கு அரிசியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பயறும் மீனும் முட்டையும் கீரையும் வையுங்கள்.

அரிசியோடு டீயில் போடும் சீனியையும் டீக்கடை பஜ்ஜியையும் விட்டால், ஒருவருக்கு ஒரு மாதக் கணக்கு இது. விலைகள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

குறைவது:
அரிசி 4.5 கிலோ, கிலோ 60 ரூபாய் வீதம் – 270
டீயில் போடும் சீனி 900 கிராம், கிலோ 45 வீதம் – 40
டீக்கடை பஜ்ஜி, 20 நாள், நாளுக்கு 20 வீதம் – 400
மொத்தம் 710 ரூபாய்

கூடுவது:
பச்சைப்பயறு 1.5 கிலோ, கிலோ 120 வீதம் – 180
முட்டை 20, ஒன்று ஆறரை வீதம் – 130
மத்தி மீன் 1.8 கிலோ, கிலோ 200 வீதம் – 360
கீரை 8 கட்டு, கட்டு 15 வீதம் – 120
மொத்தம் 790 ரூபாய்

நிகரச் செலவு மாதம் 80 ரூபாய். ஆனால் இந்தக் கணக்கின் உயிர் பஜ்ஜியில் இருக்கிறது. பஜ்ஜியை விடாமல் மற்றதை மட்டும் செய்தால் 480 ரூபாய் கூடுதல். நான்கு பேர் உள்ள வீட்டில் அது 1,920. 'நல்ல சாப்பாடு நமக்குக் கட்டுப்படியாகாது' என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது.

மீனுக்கு 200 ரூபாய் என்று எழுதிவிட்டேன். கூடையின் எதிரே குந்தி வாங்குகிறவருக்குத் தெரியும், கிலோ விலை என்பது அங்கே பேச்சுக்குத்தான். "மத்தி கூறு நூறு, அண்ணே, காலையில வந்தது" என்பார் மீன்கார அக்கா. "கண்ணு செவந்து கெடக்கேக்கா, எம்பதுக்குக் குடுங்க" என்று தொடங்கினால் தொண்ணூறில் முடியும். இரண்டு மீன் கூடவும் விழும். வஞ்சிரத்தின் விலையைப் பார்த்து மீனே வேண்டாம் என்று திரும்ப வேண்டியதில்லை. ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் தாராளமாக உண்டு. வறுத்தால் எண்ணெய்க் கணக்கு ஏறும், குழம்புதான் லாபம்.

இந்த மாற்றத்தில் நாளுக்குக் கிடைப்பது என்ன? அரிசியிலும் சீனியிலும் குறைவது சுமார் 650 கலோரி. பயறு, மீன், முட்டையில் திரும்பி வருவது ஏறக்குறைய 250. நிகரம் 400 குறைவு. புரதம் மாறாகக் கூடுகிறது: அரிசியோடு 12 கிராம் போய், 22 கிராம் வருகிறது. பயற்றில் மட்டும் எட்டு கிராம் நார்ச்சத்து. இண்டியாப் ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் வெளிவந்தது. நம் நாட்டவர் எடுக்கும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து, புரதமோ வெறும் 12. மாவுச்சத்தில் கொஞ்சத்தைப் புரதமாக மாற்றினாலே நோய்க்கான வாய்ப்பு குறைகிறது என்பதும் அதில் வந்த முடிவு. பட்டை தீட்டிய அரிசிக்குப் பதில் கேழ்வரகு என்று மட்டும் மாற்றி, அதே அளவு தின்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஒரு விலக்கு உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் வயலில் இறங்குகிறவர், படகில் வலை இழுக்கிறவர் ஆழாக்கைக் குறைக்க வேண்டியதில்லை. சென்னை ஆய்விலும் உடலுழைப்பு உள்ளவர்களை அப்படியே தொடரத்தான் சொன்னார்கள். நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்து, தெருமுனைக்கும் மோட்டார் சைக்கிள் என்றான பிறகும் அப்பா தின்ற அளவைத் தின்கிறவருக்குத்தான் இந்தக் கணக்கு. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

தைராய்டுக்கு வருவோம். இங்கே சாப்பாட்டின் கை குட்டை. எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு. உள்நாட்டு நகரங்களில் 11.7, சென்னை, மும்பை, கோவா ஆகிய கடலோரத்தில் 9.5. கடற்கரையில் இருப்பதால் நமக்கு வராது என்பவர்களுக்கு இந்த 2.2 புள்ளிதான் சலுகை.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது அயோடின். பெரியவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. வீட்டுக்கு வரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. 10 கிராம் உப்பில் 150 சரியாக வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் 5 கிராமோடு நிறுத்தினால் 75தான். மீதியை மீனும் பாலும் முட்டையும் ஈடுகட்ட வேண்டும். அயோடின் சேர்க்காத கல்லுப்பில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. கடல்நீரில் விளைந்தது என்பதற்காக அதில் அயோடின் தங்கிவிடுவதில்லை. 2006 மே 17 முதல் அயோடின் இல்லாத உப்பை நேரடிச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை இருக்கிறது. ஆனாலும் 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் போதுமான அயோடின் உப்புப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9. நாட்டிலேயே கடைசி. வேதாரண்யம் உப்பளத்தின் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கல்லுப்பு மலிவாகக் கிடைப்பது ஒரு காரணமாக இருக்கலாம். கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் வித்தியாசம் என்றே வைத்தாலும், நால்வர் வீட்டில் மாதம் ஒரு கிலோவுக்குத் தலைக்கு நான்கு ரூபாய் ஆகாது. ஊறுகாய்க்குக் கல்லுப்பு போகட்டும், குழம்புக்கு வேண்டாம்.

சுரப்பே குறைந்துபோனவருக்கு உப்பும் போதாது, கீரையும் போதாது. மாத்திரை ஒன்று ஏறத்தாழ இரண்டு ரூபாய், மாதம் 60. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது கழித்துத்தான் டீ. இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். இந்த 60 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பல நூறு ரூபாய்க்கு 'ஹார்மோன் பொடி' டப்பா வாங்குவது என்ன கணக்கென்று எனக்கு விளங்கவில்லை.

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இன்சுலினுக்கும் தைராய்டுக்கும் நடுவே நிற்கிறது. இன்சுலின் மிகும்போது சினைப்பையில் ஆண் ஹார்மோனும் ஏறுகிறது. உடல் எடை கூடிய பெண்ணுக்கு 5 முதல் 10 விழுக்காடு எடை குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்புண்டு. 70 கிலோ என்றால் மூன்றரை முதல் ஏழு கிலோ. தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு பெண்கள் அதிக எடையினர் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாட்டுச் சராசரி 24. எந்தக் குறிப்பிட்ட உணவுமுறையும் மற்றதைவிட மேல் இல்லை என்று 2023 சர்வதேச வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆகவே தனி 'டயட்' வாங்கத் தேவையில்லை. மேலே போட்ட அதே ஆழாக்குக் கணக்கே போதும்.

தூக்கத்துக்குச் செலவில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 11 இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். சர்க்கரையை உடல் கையாளும் திறன் சரிந்தது. இரவு ஒரு மணி வரை செல்போன் பார்ப்பவர் கீரை வாங்குவதற்கு முன் அதை அணைக்கலாம்.

முப்பது வயது தாண்டியவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். ஆழாக்கைக் குறைக்கும் முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்த்து, இரண்டு எண்ணையும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.