வலைச் செயலிகளில் மின்னஞ்சல் அனுப்புதல் சிக்கல்கள்

வலைச் செயலியிலிருந்து தானாக அனுப்பப்படும் மின்னஞ்சல்கள் பெறுநரைச் சென்றடையாமல் போவது, இணையதளங்களை உருவாக்குவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல்களில் ஒன்றாகும். பதிவை உறுதிசெய்யும் இணைப்பு, கடவுச்சொல் மீட்பு, கட்டண ரசீது ஆகியன பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே செல்கின்றன. மீட்பு அஞ்சல் வராவிட்டால், கடவுச்சொல்லை மறந்த பயனர் தன் கணக்கிற்குள் நுழைய முடியாமல் போகலாம். செயலி "அனுப்பப்பட்டது" என்று அறிவிப்பது, அஞ்சல் அடுத்த கட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டதை மட்டுமே காட்டும். பெறுநரின் பெட்டியை அடைந்ததற்கு அது சான்றாகாது. எனவே அஞ்சல் எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டறிவதே முதல் வேலையாகும்.

அஞ்சல் செல்லும் வழி

மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வரையறுக்கப்பட்டது. செயலி அஞ்சலை உருவாக்கி, அனுப்பும் வழங்கியிடம் தருகிறது. அந்த வழங்கி, பெறுநரின் களப்பெயருக்குரிய எம்எக்ஸ் பதிவை டிஎன்எஸ்-இல் தேடி, பெறும் வழங்கியுடன் இணைகிறது. பெறும் வழங்கி அஞ்சலைச் சோதித்து ஏற்கும், மறுக்கும் அல்லது ஸ்பேம் பெட்டியில் இடும்.

பிஎச்பி மொழியின் மெயில் செயற்கூறு 'உண்மை' என்ற மதிப்பைத் திருப்பித் தந்தால், அஞ்சல் அனுப்புவதற்கு ஏற்கப்பட்டது என்பது மட்டுமே பொருள். பின்னணி வரிசையைப் பயன்படுத்தும் செயலிகளில் அந்த வரிசையை இயக்கும் நிரல் நின்றுபோயிருந்தால், அஞ்சல்கள் வெளியே செல்லாமல் தேங்கிக் கிடக்கும். திரையில் எந்தப் பிழையும் தோன்றாது.

இணைப்பும் உள்நுழைவும்

எஸ்எம்டிபி-யில் மூன்று போர்ட்டுகள் பரவலாகப் பயன்படுகின்றன. 25 வழங்கிகளுக்கு இடையிலான பரிமாற்றத்திற்குரியது. 587, 465 ஆகியவை செயலியோ பயனரோ அஞ்சலை ஒப்படைப்பதற்குரியவை. 465-இல் தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் இருக்கும். 587-இல் இணைப்பு ஏற்பட்ட பின் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையால் மறையாக்கம் தொடங்கும். இவற்றை மாற்றி அமைத்தால் இணைப்பு தோல்வியடையும்.

இணைப்பு நெடுநேரம் காத்திருந்து முறிந்தால், இடையில் ஏதோ ஒரு தீயரண் தடுக்கிறது என்று ஐயுறலாம். அமேசான், கூகுள் உள்ளிட்ட மேகக் கணிமை நிறுவனங்கள், ஸ்பேம் அனுப்புவதைத் தடுக்க, வெளிச்செல்லும் 25-ஆம் போர்ட்டை இயல்பாகவே கட்டுப்படுத்துகின்றன. இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், போர்ட் எண்ணோ வழங்கியின் பெயரோ தவறாக இருக்கக்கூடும்.

535 என்ற எண் உள்நுழைவு தோற்றதைக் குறிக்கும். கூகுள் 2022-இல், தனிநபர் கணக்குகளுக்கு வெறும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு பிற செயலிகள் நுழைவதை நிறுத்தியது. இதனால் பல பழைய செயலிகளின் அஞ்சல் நின்றது. இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கெனத் தனியாகப் பெறும் 16 எழுத்துக் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவது இதற்கு ஒரு தீர்வாகும்.

மறுமொழி எண்கள்

வழங்கி ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று இலக்க எண்ணால் பதிலளிக்கிறது. 2-இல் தொடங்குவது வெற்றி. 4-இல் தொடங்குவது தற்காலிகத் தடை. 5-இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு.

தற்காலிகத் தடை வந்தால் சற்று நேரம் கழித்து மீண்டும் முயல வேண்டும். அறிமுகமில்லாத அனுப்புநரை முதல் முறை திருப்பியனுப்பி, மறுமுறை வரும்போது ஏற்கும் வழங்கிகளும் உண்டு. செயலி ஒரே முறை முயன்று கைவிட்டால் அந்த அஞ்சல் தொலைந்துவிடும். நிரந்தர மறுப்பில் அதே அஞ்சலைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் பயனில்லை. அனுப்புநரின் நற்பெயரே கெடும். 550 என்பதுடன் 5.1.1 என்று இருந்தால் அந்த முகவரி இல்லை என்றும், 5.7.1 என்று இருந்தால் கொள்கை அடிப்படையில் மறுக்கப்பட்டது என்றும் பொருள்.

ஸ்பேம் பெட்டியும் சரிபார்ப்பும்

அஞ்சல் ஏற்கப்பட்டும் பயனரின் கண்ணில் படாவிட்டால், களப்பெயரின் டிஎன்எஸ் பதிவுகளைப் பார்க்க வேண்டும். எஸ்பிஎஃப், அந்தக் களப்பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற வழங்கிகளைப் பட்டியலிடுகிறது. டிகேஐஎம், அஞ்சலில் மின்னொப்பம் இடுகிறது. டிமார்க், இவ்விரண்டும் 'அனுப்புநர்' முகவரியின் களப்பெயருடன் பொருந்தாதபோது என்ன செய்ய வேண்டும் என்று கூறுகிறது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கும் மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் கோருகிறது.

தொடர்புப் படிவங்களில் ஒரு தவறு பரவலாகக் காணப்படுகிறது. படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநர் முகவரியாக இட்டால், தளத்தின் வழங்கிக்கு அந்தக் களப்பெயரில் அனுப்ப உரிமை இல்லாததால் அஞ்சல் போலியாகக் கருதப்படும். தளத்தின் சொந்த முகவரியை அனுப்புநராகவும், நிரப்பியவரின் முகவரியைப் பதில் முகவரியாகவும் இடுவதே சரியான முறை. படிவத்தில் வரும் முகவரியில் வரி முறிவுகளை அனுமதிக்கவும் கூடாது. அனுமதித்தால், பிறர் கூடுதல் தலைப்புகளைச் செருகி அத்தளத்தின் வழியாகவே ஸ்பேம் அனுப்ப இயலும்.

சோதிக்கும் ஒழுங்கு

முதலில் செயலியின் பதிவேட்டிலும் வரிசையிலும் பிழை உள்ளதா என்று காண வேண்டும். அடுத்து, செயலி இயங்கும் அதே கணினியிலிருந்து அஞ்சல் வழங்கியுடன் இணைய முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். பின்னர் அனுப்பும் வழங்கியின் பதிவேட்டில், பெறும் வழங்கி தந்த எண்ணைப் படிக்க வேண்டும். கடைசியாக, பெற்ற அஞ்சலின் முழுத் தலைப்பைத் திறந்து, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் முடிவுகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிச் சோதித்தால்தான் எது காரணம் என்று தெரியும்.

சான்றிதழ்ப் பிழை வரும்போது சரிபார்ப்பை அணைத்துவிடுவது தீர்வாகாது. அது கடவுச்சொல் இடையில் திருடப்பட வழிசெய்யும். பதிவேடுகளில் கடவுச்சொல் மீட்பு இணைப்புகள் பதியாமல் பார்த்துக்கொள்வதும் தேவை. அந்த இணைப்பு கிடைத்த எவரும், அது காலாவதியாகும் முன் அக்கணக்கைக் கைப்பற்ற முடியும்.