மகன் தட்டிலும் ஒரு கரண்டி கீரை

வீட்டில் குழந்தைப் பேச்சு எழுந்தால் உபதேசமெல்லாம் மருமகளுக்குத்தான். கீரை சாப்பிடு, பால் குடி, பப்பாளியைத் தொடாதே. பக்கத்தில் உட்கார்ந்து நாலாவது பரோட்டாவைப் பிய்க்கும் மகனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து எலிகள் வேறு கதை சொல்கின்றன. மார்கரெட் மோரிஸ் குழுவினர் ஆண் எலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டுப் பருக்க வைத்தார்கள். பிறகு, வழக்கமான தீனி தின்ற பெண் எலிகளோடு சேர்த்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் அந்தக் கொழுப்புத் தீனியை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வளர வளர, அவற்றின் கணையம் போதிய இன்சுலின் சுரக்கத் திணறியது. 2010இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது.

தகப்பன் தந்தது விந்தணு மட்டும். அதற்குள் சாப்பாட்டுக் கணக்கு எப்படி நுழைந்தது? எந்த மரபணு விழித்திருக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று சொல்லும் வேதிக் குறிகள் டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும். விந்தணுவோடு பொடி ஆர்.என்.ஏ.க்களும் பயணிக்கும். இரண்டையும் உணவு மாற்றுகிறது. கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலியின் விந்தணுவிலிருந்து அந்த ஆர்.என்.ஏ.க்களை மட்டும் பிரித்து, சாதாரணக் கருவுக்குள் செலுத்தினார்கள் சீன விஞ்ஞானிகள். அதில் பிறந்த குட்டிகளுக்கும் சர்க்கரையைக் கையாள்வதில் கோளாறு வந்தது (2016).

மிகுதிதான் கெடுதல் என்றில்லை, குறைவும் கெடுக்கும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில், ஃபோலேட் சத்துக் குறைந்த தீனியில் வளர்ந்த ஆண் சுண்டெலிகளின் குட்டிகளிடம் பிறவிக் குறைகள் கூடியிருந்தன (2013). ஃபோலேட் கீரையிலும் பயறுகளிலும் நிறையக் கிடைக்கும்.

மனிதர்களிடம்? வட ஸ்வீடனின் ஓவர்காலிக்ஸ் பகுதியில் பழைய விளைச்சல் கணக்கையும் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். பருவமடையும் முன் நிறைய உண்டு வளர்ந்த தகப்பன்வழித் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் சர்க்கரை நோயால் இறப்பது ஏறத்தாழ நான்கு மடங்கு என்றது 2002 ஆய்வு. ஆனால் இன்னும் பெரிய ஸ்வீடன் கணக்கில், 2018இல், அந்தத் தொடர்பு தென்படவில்லை. பேரன்களின் புற்றுநோய் மரணங்களே கூடுதலாகத் தெரிந்தன. ஆகவே எலிக்குக் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்தி மிரள வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் ஆண்களுக்குச் சாதகம். பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே உடலில் இருப்பவை. விந்தணுவோ புதிது புதிதாக உருவாகிறது. ஒன்று உருவாக ஏறத்தாழ 74 நாள், முதிர்ந்து வெளிவர இன்னும் சில நாள். குழந்தைக்குத் திட்டமிடும் கணவன் மூன்று மாதம் முன்பே தட்டைத் திருத்திக்கொள்ளலாம். கீரைக் கூட்டு எப்படியும் அடுப்பில்தானே இருக்கிறது.