சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால்...

விடியற்காலையில் வீட்டு வாசலில் வந்து விழும் நாளிதழ், சில மணி நேரத்துக்கு முன்பு வெறும் வெள்ளைக் காகிதச் சுருளாக இருந்தது. அது நான்கு வண்ணங்களையும் ஏற்று, மடிந்து, வெட்டுப்பட்டு வெளியே வருவதற்கு அச்சுத் தகடும் மையும் உருளைகளுமே காரணம் என்று நாம் நினைக்கிறோம். அச்சுக்கூடத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சாம்பல் நிற இரும்புப் பெட்டிகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. தொழிலாளர்கள் அவற்றைச் சுருக்கமாக 'பேனல்' என்பார்கள். இயந்திரம் எப்போது ஓட வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், எப்போது நின்றாக வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தப் பெட்டிகள்தான்.

பழைய சுழல் அச்சு இயந்திரங்களில் இந்தப் பெட்டியின் வேலை குறைவு. ஒரு பெரிய மோட்டார் நீண்ட இரும்புத் தண்டு ஒன்றைச் சுழற்றும். எல்லா அச்சு அலகுகளும் பற்சக்கரங்கள் வழியாக அந்தத் தண்டுடன் பிணைக்கப்பட்டிருக்கும். எனவே, அவை ஒரே சீராகச் சுழல்வதைத் தண்டே உறுதி செய்தது. 1990-களில் தண்டில்லாத இயந்திரங்கள் பரவத் தொடங்கின. ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனி மோட்டார் வந்தது. அவற்றை இணைப்பது இரும்பு அல்ல, மின்சமிக்ஞை. நிரல்வழிக் கட்டுப்படுத்தியான பி.எல்.சி.யும், மோட்டாரின் வேகத்தை ஆளும் 'டிரைவ்' கருவிகளும், அவற்றுக்கான ரிலே, காண்டாக்டர்களும் அந்தப் பெட்டிக்குள் குடியேறின.

இந்தப் பொறுப்பின் அளவை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். மணிக்கு 36,000 பிரதிகள் அச்சிடும் இயந்திரத்தில், ஒரு சுழற்சிக்கு ஒரு பிரதி என்று கொண்டால், உருளை விநாடிக்குப் பத்து முறை சுழல்கிறது. ஒரு பிரதிக்கான காகித நீளம் 546 மில்லிமீட்டர் என்றால், காகிதம் விநாடிக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நீல வண்ணத்துக்கும் சிவப்பு வண்ணத்துக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் விலகினாலே படம் மங்கத் தொடங்கும். அந்தத் தொலைவைக் காகிதம் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம், ஒரு விநாடியின் 55,000-இல் ஒரு பங்கு. பல டன் எடையுள்ள அலகுகளை அத்தனை நுட்பமாக ஒத்திசைய வைக்கிறது அந்தப் பெட்டி.

ஓட வைப்பதைவிடக் கடினமான வேலை, நிறுத்துவது. மின்சாரத்தைத் துண்டித்தால் இயந்திரம் நின்றுவிடும் என்பது பொதுவான எண்ணம். மின்விசிறியை அணைத்த பிறகும் இறக்கைகள் சற்று நேரம் சுழல்வதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். முழு வேகத்தில் சுழலும் கனத்த எஃகு உருளைகளும் அப்படித்தான். மின்சாரம் போன பிறகும் அவை தம் வேகத்தாலேயே தொடர்ந்து ஓடும். அவற்றின் இடுக்கில் சிக்கிய விரலுக்கு மின்சாரம் இல்லை என்பது தெரியாது.

அதனால்தான், இயந்திரங்களின் மின் அமைப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 60204-1, நிறுத்துவதை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உடனடியாக மின்சாரத்தைத் துண்டிப்பது ஒரு வகை. மோட்டாரையே தடையாகப் பயன்படுத்திக் கட்டுப்பாட்டோடு வேகத்தைக் குறைத்து, இயந்திரம் நின்ற பிறகு மின்சாரத்தைத் துண்டிப்பது இரண்டாவது வகை. நின்ற பிறகும் மின்சாரத்தைத் தக்க வைத்திருப்பது மூன்றாவது. அவசர நிறுத்தத்துக்கு முதல் இரண்டு மட்டுமே ஏற்கத்தக்கவை. கனத்த உருளைகள் கொண்ட அச்சு இயந்திரத்துக்குப் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் பொருந்தும். அப்போதுதான் உருளை விரைவாக நிற்கும். காகிதமும் அறுந்து சுற்றிக்கொள்ளாது.

இயந்திரம் நெடுகிலும் பொருத்தப்பட்டுள்ள சிவப்புப் பொத்தான்களும், காப்புக் கதவுகளில் உள்ள சுவிட்சுகளும் இந்த ஏற்பாட்டின் கண்கள். அவை வேலை செய்யும் முறை நுட்பமானது. பொத்தானை அழுத்தினால் மின்சுற்று இணைவதில்லை, அறுபடுகிறது. அதாவது, 'ஆபத்து இல்லை' என்ற சமிக்ஞை இடைவிடாமல் பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கம்பி அறுந்தாலும், இணைப்பு தளர்ந்தாலும் சமிக்ஞை நின்றுவிடும், இயந்திரமும் நின்றுவிடும். அமைப்பு பழுதடைந்தால் அது பாதுகாப்பின் பக்கம் சாய வேண்டும் என்பதே இதன் தத்துவம். கூடுதல் உறுதிக்காக ஒரே செய்தி இரு தனி வழிகளில் அனுப்பப்படுகிறது. பாதுகாப்பு ரிலே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்று மாறுபட்டால்கூட மீண்டும் இயங்க அனுமதிப்பதில்லை.

இவ்வளவு எண்ணிச் செய்த அமைப்பை ஒரு சாண் கம்பி வீழ்த்திவிடுகிறது. நள்ளிரவு கடந்த பிறகு காப்புக் கதவின் சுவிட்ச் ஒன்று பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவு மூடியிருந்தும், அது திறந்திருப்பதாகவே பெட்டி கருதும், இயந்திரம் ஓடாது. விநியோக வாகனங்கள் காத்திருக்கின்றன. மாற்றுச் சுவிட்ச் கையிருப்பில் இல்லை. பெட்டியைத் திறந்து, சம்பந்தப்பட்ட முனைகளுக்கு இடையே துண்டுக் கம்பியைச் செருகினால் போதும். கதவு எப்போதும் மூடியிருப்பதாகவே பெட்டி நம்பும். தொழிலில் இதற்கு 'ஜம்பர் போடுவது' என்று பெயர். நாளிதழ் நேரத்துக்கு அச்சாகிவிடும். யாரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. காலையில் சரிசெய்துவிடலாம் என்றுதான் செய்கிறார்கள். ஆனால், பெட்டியின் கதவு மூடப்பட்டதும் அந்தக் கம்பி கண்ணிலிருந்து மறைகிறது. சில நாள்களில் நினைவிலிருந்தும் மறைகிறது.

அதன் விளைவை எதிர்கொள்பவர் அந்தக் கம்பியைச் செருகியவராக இருப்பதில்லை. வேறொரு நாள், வேறொரு தொழிலாளி, அச்சு உருளையின் ரப்பர் போர்வையைத் துடைப்பதற்காகக் காப்புக் கதவைத் திறக்கிறார். கதவு திறந்திருக்கும்வரை இயந்திரம் ஓடாது, ஓடினாலும் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் அங்குலம் அங்குலமாகவே நகரும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட விதி. அதே நேரத்தில், இயந்திரத்தின் மறுமுனையில் இருப்பவர் இயக்கப் பொத்தானை அழுத்துகிறார். நாளிதழ் அச்சு வரிசை பல மீட்டர் நீளமும், சில இடங்களில் இரண்டு மாடி உயரமும் கொண்டது; ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. எச்சரிக்கை மணி ஒலித்து அடங்கிய பிறகு, எதிரெதிராகச் சுழலும் இரு உருளைகள் துணியோடு கையையும் உள்ளே இழுக்கும். தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று கூறி விசாரணை முடிந்துவிடக்கூடும். அவர் நம்பிய பாதுகாப்பு முன்பே அகற்றப்பட்டிருந்தது என்பதைப் பெட்டிக்குள் பார்த்தால்தான் அறிய முடியும்.

இந்தப் பெட்டிக்கு வேறு எதிரிகளும் உண்டு. முதலாவது வெப்பம். டிரைவ் கருவிகள் பொதுவாக 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சுற்றுப்புற வெப்பநிலையில் முழுத் திறனோடு இயங்கும் வகையில் வடிவமைக்கப்படுகின்றன. நமது கோடையில் அச்சுக்கூடத்தின் வெப்பமே அந்த அளவை எட்டிவிடும். மூடிய பெட்டிக்குள் அது மேலும் உயரும். டிரைவ் கருவியில் உள்ள மின்தேக்கிகளின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு.

பெட்டியின் குளிரூட்டி பழுதானால் நம்மவர்கள் கண்டுபிடித்த எளிய வழி, கதவைத் திறந்து வைத்து எதிரே ஒரு மேசை விசிறியை ஓட விடுவது. வெப்பம் தணியும், உண்மைதான். ஆனால், அந்த விசிறி காகிதத் தூசியையும் மை படிந்த காற்றையும் ஈரத்தையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறது. தூசியில் ஈரம் ஏறினால் அதுவே மின்சாரம் கசியும் பாதையாகிவிடும். திறந்த பெட்டி மனிதர்களுக்கும் ஆபத்து. 415 வோல்ட் மும்முனை மின்சாரம் டிரைவ் கருவிக்குள் 580 வோல்ட்டுக்கும் அதிகமான நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு மின்தேக்கிகளில் சேமிக்கப்படுகிறது. பிரதான சுவிட்சை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு அது உயிரைப் பறிக்கும் அளவில் நீடிக்கும்.

இரண்டாவது எதிரி மறதி. சிவகாசி உள்ளிட்ட அச்சு நகரங்களில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சில காலம் ஓடிய ஆஃப்செட் இயந்திரங்கள் வாங்கி நிறுவப்படுகின்றன. இரும்பு உடல் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால், ஜப்பானின் தொழிற்கூட மின்சாரம் 200 வோல்ட். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் அலைவெண்ணும் 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எனவே, இடையில் மின்மாற்றியும் சில மாற்றங்களும் தேவைப்படுகின்றன. அவை வரைபடத்தில் பதிவாவதில்லை; பொருத்திய மின்பணியாளரின் நினைவில் மட்டும் இருக்கின்றன. அவர் வேலையை விட்டுச் சென்றால் அந்த அறிவும் அவரோடு சென்றுவிடுகிறது.

பழைய கட்டுப்படுத்திகள் பலவற்றில் இயந்திரத்துக்கான நிரல் ஒரு சிறிய மின்கலத்தின் துணையால்தான் நினைவகத்தில் தங்கியிருக்கிறது. மின்கலம் தீர்ந்த நிலையில் நீண்ட விடுமுறைக்காக மின்சாரத்தை நிறுத்தினால், நிரல் அழிந்துவிடும். நகல் இல்லையென்றால், கோடிகள் கொடுத்து வாங்கிய இயந்திரமும் அன்று முதல் எடைக்குப் போடும் இரும்புதான்.

சட்டம் இதில் எதையும் கூறவில்லையா? 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்பு அமைப்பதை 21-ஆம் பிரிவிலும், அவசரத்தில் இயக்குவிசையைத் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு பணிக்கூடத்திலும் இருப்பதையும் அது பராமரிக்கப்படுவதையும் 24-ஆம் பிரிவிலும் கட்டாயமாக்கியது. ஆனால், மின்விசையால் இயங்கினாலும் பத்துப் பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் சிறு அச்சகங்கள் பொதுவாக அதன் வரம்புக்கு வெளியே இருந்தன. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருவதற்கான எண்ணிக்கை இருபதாக உயர்த்தப்பட்டுள்ளது. ஆய்வாளர் வந்தாலும் பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. அதன் பின்னால் உள்ள சுற்று முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெட்டியைத் திறந்து, வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மாதம் ஒரு முறை ஒவ்வோர் அவசரப் பொத்தானையும், ஒவ்வொரு காப்புக் கதவையும் இயக்கிப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கலாம். காப்புச் சுவிட்சுகளையும் பாதுகாப்பு ரிலேயையும் மை, காகிதம் போலவே எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கலாம். மாற்றுப் பொருள் இருக்கும் இடத்தில் ஜம்பருக்கு வேலை இல்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் வரைபடத்தில் குறித்து, அதன் பிரதியைப் பெட்டிக் கதவின் உட்புறத்திலேயே வைக்கலாம். நிரலின் நகலை இரண்டு இடங்களில் சேமிக்கலாம். பழைய இயந்திரம் வாங்குபவர்கள், மின் வரைபடமும் நிரலும் கைக்கு வராமல் முழுத்தொகையைத் தருவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்புச் சுற்று பழுதானால் அன்றைய அச்சுப்பணி தாமதமாகலாம் என்ற அதிகாரத்தை இரவுப் பணியில் இருக்கும் மின்பணியாளருக்கு உரிமையாளர் எழுத்துபூர்வமாகத் தர வேண்டும். அந்த அதிகாரம் இல்லாதவரிடம் ஜம்பர் போடாதே என்று சொல்வதில் பொருளில்லை.

நாளிதழ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இழந்த விரல்களை எந்த இழப்பீடும் திருப்பித் தராது. இயந்திரத்தின் மீதுள்ள சிவப்புப் பொத்தான், தொழிலாளிக்கு நிறுவனம் கொடுத்துள்ள வாக்குறுதி. அது காப்பாற்றப்படுகிறதா என்பதை அறிய, ஒவ்வோர் அச்சக உரிமையாளரும் தம் பேனலைத் திறந்து உள்ளே பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.