கேமராவுக்குத் தெரியாத கண்கள்

இப்போது வரும் பல கார்களில் ஹை பீமை நாம் இறக்க வேண்டியதில்லை. எதிரே வண்டி வந்தால் காரே டிம் செய்துகொள்ளும். விலை கூடிய கார்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அவற்றில் ஹை பீம் அணையாது. எதிர் வண்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஓர் இருட்டுப் பட்டை விழும். வண்டி நகர நகர அந்த இருட்டும் கூடவே நகரும். அருமையான தொழில்நுட்பம்தான். ஆனாலும், இதை எப்போது அணைக்க வேண்டும் என்பது காரை வாங்கியவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அதற்கு நீண்ட பட்டியல் எதுவும் வேண்டாம். அந்தக் கார் மனிதக் கண்களைத் தேடுவதில்லை, விளக்குகளைத்தான் தேடுகிறது என்று புரிந்துகொண்டால் போதும்.

சாலைக்கு ஏற்ப விளக்கை மாற்றும் எண்ணம் பழையது. 1948இல் அமெரிக்காவில் வந்த டக்கர் காரின் நடுவில் மூன்றாவதாக ஒரு விளக்கு இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுவும் திரும்பும். 1967இல் பிரான்சின் சிட்ரோயன் டி.எஸ். காரிலும் இப்படித் திரும்பும் விளக்குகள் வந்தன. எதிரே வருபவரின் கண் கூசாமல் ஹை பீம் போடும் வித்தைக்குக் கேமரா வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013இல் ஆடி ஏ8 காரின் ஒவ்வொரு முகப்பு விளக்கிலும் ஹை பீமுக்கென 25 எல்இடிகள் இருந்தன; ஒவ்வொன்றையும் தனியே அணைக்கலாம். அமெரிக்கா தன் விதியைத் திருத்தி இதை அனுமதித்தது 2022இல்தான். நம் ஊரில் கண் கூசும் சிக்கலுக்குப் போலீசார் கண்ட வழி, விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது.

முன்கண்ணாடியின் உள்பக்கம், ரியர்வியூ கண்ணாடிக்கு அருகே ஒரு கேமரா இருக்கும். இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் எதிரே வண்டி வருகிறது. சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் முன்னால் வண்டி போகிறது. பெரும்பாலும் இந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். தவறும் இடத்தை நம் நான்குவழிச் சாலைகளிலேயே பார்க்கலாம்.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் சென்டர் மீடியன் நெடுக அரளிச் செடி வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்க வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் தடுப்பதும் அதன் வேலை. இப்போது மீடியனுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி வருகிறது. அதன் முகப்பு விளக்குகள் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில், செடிக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. லாரி ஓட்டுநரின் கண்ணோ இரண்டு மீட்டருக்கும் மேலே, செடியைத் தாண்டி நிற்கிறது. உங்கள் கேமராவுக்கு விளக்கு தெரியவில்லை. சாலை காலி என்று ஹை பீமை ஏற்றிவிடுகிறது. நீங்கள் இடது ஓரப் பாதையில் போகும்போது உங்கள் வெளிச்சம் செடிக்கு மேலே ஏறி அவர் முகத்தில் அடிக்கும். பேருந்து ஓட்டுநருக்கும் இதே கதிதான்.

கூசும்போது கண்ணுக்குள் நடப்பது இது: வலுவான ஒளி விழிக்குள் சிதறி, பார்வை முழுவதன் மீதும் வெளுத்த திரையாகப் படர்கிறது. மங்கலான பொருள்கள் அதில் கரைந்துபோகின்றன. வயது ஏற ஏறக் கண்வில்லை கலங்குவதால் சிதறலும் கூடும். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. பார்வை தெளிய மூன்று விநாடி பிடித்தால், அந்த ஓட்டுநர் 66 மீட்டர் தூரத்தைக் குருட்டாம்போக்கில் கடக்கிறார். ஆகவே, செடியோ தடுப்புச் சுவரோ உள்ள மீடியன் சாலையில் எதிர்ப்பக்கம் வண்டிகள் வந்துகொண்டிருந்தால் தானாக ஏறும் ஹை பீமை அணைத்துவிட்டு லோ பீமில் போங்கள். இதைத்தான் நான் முதலாவதாகச் சொல்வேன்.

விளக்கே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். தைப்பூசக் காலத்தில் பழனிச் சாலைகளில் பாதயாத்திரை போகிறவர்களையும், சைக்கிளில் வருபவரையும், மாட்டுவண்டிக்காரரையும் கேமரா கண்டுகொள்ளும் என்று நம்பக் கூடாது. தொலைவில் ஆள் இருப்பதைக் காட்ட ஹை பீம் உதவும், அதை மறுக்கவில்லை. ஆள் தெரிந்த பிறகு அதை இறக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது. வால்பாறை மலைப்பாதையில் குறுக்கே நிற்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் இது பொருந்தும். கூசிய விலங்கு மிரளும்.

மூடுபனியில் ஹை பீம் ஓட்டுகிறவருக்கே எதிரி. பனித்துளிகள் வெளிச்சத்தை நம் பக்கமே திருப்பிச் சிதறடிக்கின்றன. கண்முன்னே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் எல்லா நிறத்தையும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனிவிளக்கு உதவுவதற்குக் காரணம், அது தாழ்வாகப் பொருத்தப்பட்டுத் தரையை ஒட்டி அகலமாக ஒளி வீசுவதே. குன்னூரிலோ கொடைக்கானலிலோ பனி இறங்கினால் லோ பீமும் பனிவிளக்கும் போதும். கொட்டும் மழைக்கும், கேமராவுக்கு முன் உள்ள கண்ணாடியில் சேறு படிந்திருக்கும்போதும் இதே விதிதான்.

மலைப்பாதை என்றாலே எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் வகை விளக்கு கொண்டை ஊசி வளைவுகளில் உண்மையான துணை. அதை அப்படியே விடுங்கள். அணைக்க வேண்டியது தானாக ஏறும் ஹை பீமை மட்டும். மீடியன் இல்லாத, ஆள் நடமாட்டமற்ற இருண்ட கிராமச் சாலையில் அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

பல கார்களில் விளக்கு ஸ்விட்சை ‘ஆட்டோ’விலிருந்து சாதாரண ஹெட்லைட் நிலைக்குத் திருப்பினால் தானாக ஏறும் ஹை பீம் அணைந்துவிடும். சிலவற்றில் தனிப் பொத்தானோ திரையில் ஒரு தெரிவோ உண்டு. உங்கள் காரில் அது எங்கே இருக்கிறது என்று கையேட்டைப் பார்த்து, வண்டியை நிறுத்தி வைத்து, பகலிலேயே இரண்டு மூன்று முறை போட்டு அணைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.