புள்ளிகளுக்கு நடுவில் இரும்பு

மோட்டாரிலும் மின்மாற்றியிலும் அடுக்கப்படும் சிலிக்கான் எஃகுத் தகடு தொடக்கத்தில் தாராளமாக இருக்கும். சிறிது காந்தமாக்கு புலம் கொடுத்தாலே காந்தத்தை வாரி வழங்கும். 1.5 டெஸ்லாவை நெருங்கியதும் கையை இறுக்கிக்கொள்ளும். எம்400-50ஏ என்ற ரகத்துக்குத் தரநிலை உறுதிசெய்யும் குறைந்தபட்ச அளவுகளைப் பாருங்கள்: மீட்டருக்கு 2,500 ஆம்பியரில் 1.53 டெஸ்லா, 5,000-இல் 1.63, 10,000-இல் 1.73. புலத்தை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 0.1 டெஸ்லாதான். அட்டவணையில் இருப்பவை இப்படிச் சில புள்ளிகளே. மோட்டாரின் படத்தை ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணங்களாக வெட்டிக் கணக்கிடும் கணினிக்கோ, அவற்றுக்கு நடுவிலுள்ள அளவுகளும் வேண்டும். அதைத் தருவதுதான் இடைச்செருகல். கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டால் போதும் என்று நினைப்பது தவறு. அதன் சாய்வும் இரும்பின் இயல்போடு ஒத்துப்போக வேண்டும்.

காரணம், கணினி இந்தக் கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் நியூட்டன்-ராப்சன் முறை ஒவ்வொரு படியிலும் சாய்வை வைத்தே அடுத்த விடையை ஊகிக்கிறது. புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் சாய்வு திடீரென மாறும்; கணக்கு இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடிக்கொண்டே நிற்கலாம். புள்ளிகளுக்கு நடுவே முப்படிக் கோவைகளை ஒட்டவைக்கும் வழக்கமான முப்படி ஸ்ப்லைன் வழவழப்பானதுதான். ஆனால் வளைகோடு சட்டென்று மடங்கும் முழங்கால் பகுதியில் அது வரம்பு மீறி எழும்பி, பிறகு கீழே இறங்கவும் கூடும். புலம் கூடக்கூடக் காந்தம் குறைகிறது என்று அதற்குப் பொருள். எந்த இரும்பும் அப்படி நடந்துகொள்ளாது. (காந்தத் தயக்கத்தை இங்கே ஒதுக்கிவைத்திருக்கிறோம், அது தனிக் கதை.) ஏறும் தரவுக்கு ஏறும் கோடே கிடைக்கும்படி புள்ளிகளில் சாய்வைக் கட்டுப்படுத்தும் வழியை ஃபிரிட்ச், கார்ல்சன் இருவரும் 1980-இல் வெளியிட்டார்கள். அதில் இரண்டாம் வகைக்கெழு தொடர்ச்சியை இழக்கலாம். கொடுக்கத் தகுந்த விலைதான்.

தகட்டுக்குத் தகடு குணம் மாறும், வெட்டிய விளிம்பில் இன்னும் கெடும்; அப்படியிருக்க இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். அளவைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. சாய்வு விஷயத்தில் அப்படியல்ல. மேலே சொன்ன எஃகில் 5,000-க்கு மேல் 100 ஆம்பியர் இடைவெளியில் உண்மையான ஏற்றம் சுமார் 0.002 டெஸ்லா. அளவீட்டில் 0.003 பிசகினால் சாய்வு தலைகீழாகிவிடும். ஆகவே புள்ளிகளை நெருக்கமாகக் குவிப்பதும் தீர்வல்ல. முதலில் பிசிறு நீக்க வேண்டும். அட்டவணை முடியும் இடம் இன்னும் ஆபத்தானது. கடைசி இரு புள்ளிகளின் சாய்விலேயே கோட்டை நீட்டினால் 50,000-இல் 2.53 டெஸ்லா வரும். உண்மையில் அந்த எஃகு அங்கே 2.1-ஐ ஒட்டியே நிற்கும். நீட்டிய கோட்டின் சாய்வு, வெற்றிடத்தில் புலத்தோடு காந்தம் ஏறும் சாய்வைப் போல 16 மடங்கு. தெவிட்டிய இரும்போ வெற்றிடத்தின் சாய்வை நோக்கியே தணியும். மென்பொருள் தீட்டும் வண்ணப்படத்தை நம்புமுன், அட்டவணையின் கடைசி வரிக்கு அப்பால் கோடு எந்தச் சாய்வில் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.