எதனோல் கலந்த பெற்றோல்: படகு எஞ்சின் தாங்குமா?

இந்தியா 2025 இல் பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலக்கும் இலக்கை எட்டிவிட்டது. இலங்கையிலும் அப்படியொரு யோசனை வருமானால், வாகனங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கல்முனை முதல் கற்பிட்டி வரை வெளியிணைப்பு எஞ்சினை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கும் ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல்தான் வேண்டும்.

எதனோல் ஈரத்தை இழுக்கும். படகின் எரிபொருள் தாங்கிக்குள்ளோ காற்றுத் துளை வழியாகக் கடற்காற்று போய்வருகிறது. 10 வீதம் எதனோல் உள்ள பெற்றோலில் நீர் ஏறத்தாழ அரை வீதத்தைத் தாண்டினால், எதனோலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். எரிபொருள் குழாய் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். அது அலுமினியக் காபரேற்றரை அரிக்கும். ஒயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆபத்து இன்னும் அதிகம்: ஒயில் மேலே பெற்றோலோடு நின்றுவிடுவதால் எஞ்சின் வழுவழுப்பின்றி ஓடித் தேயும். இப்படிப் பிரிந்த எரிபொருளைக் குலுக்கிச் சரிசெய்ய முடியாது, அகற்றவே வேண்டும்.

அமெரிக்காவில் 15 வீதக் கலவையைப் படகு எஞ்சினுக்கு ஊற்றச் சட்டமே தடுக்கிறது. எஞ்சின் உற்பத்தியாளர்கள் பொதுவாக அனுமதிப்பதும் 10 வீதம் வரைதான்.

நீர் பிரிக்கும் வடிகட்டி பூட்டுவதும், பல வாரம் ஓடாத எஞ்சினின் காபரேற்றரை வடித்து வைப்பதும் கடற்றொழிலாளர் செய்யக்கூடியவை. கலப்பில்லாத பெற்றோலை மீன்பிடித் துறைகளில் கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு. வீதியில் எஞ்சின் நின்றால் வாகனத்தை ஓரமாகத் தள்ளலாம். நடுக்கடலில் நின்றால் உயிருக்கே ஆபத்து.