டாக்டர் சொல்ல, காதால் கேட்டு எழுதும் வேலை

திருமலை அடிவாரத்துத் திருப்பதியிலும் சித்தூரிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பிள்ளை டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தால் குமாஸ்தா வேலை நிச்சயம் என்பது முந்திய தலைமுறையின் கணக்கு. 1990-களின் பிற்பகுதியில் அக்கணக்கில் புதிதாகச் சேர்ந்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். சென்னை, பெங்களூர் கம்பெனிகள் ஆள் எடுத்தன.

அமெரிக்க டாக்டர் நோயாளியின் விவரத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அவருக்கு மாலை ஆறு மணி என்றால் நமக்கு விடியற்காலை. அவர் தூங்கி எழுவதற்குள் இங்கே தட்டச்சாகிவிடும். கூலி வரிக் கணக்கு. பெரும்பாலும் இடைவெளி உள்பட 65 எழுத்து ஒரு வரி.

வேகம் மட்டும் போதாது. 'ஹைப்பர்டென்ஷன்' ரத்தக் கொதிப்பு. 'ஹைப்போடென்ஷன்' ரத்த அழுத்தக் குறைவு. காது பிசகினால் நோயே தலைகீழ். 'ஃபிஃப்டீன்' மில்லிகிராம் 'ஃபிஃப்டி' ஆனால் மருந்தே விஷம். கேட்காத சொல்லை ஊகித்து எழுதக் கூடாது. இடம் விட்டுக் குறித்து அனுப்புவதே முறை.

இன்று பேச்சைக் கம்ப்யூட்டரே எழுத்தாக்குகிறது. இதில் பெயர் பெற்ற நுவான்ஸ் கம்பெனி 2022-ல் மைக்ரோசாஃப்ட் வசமாயிற்று. தட்டச்சு செய்தவர் பிழை திருத்துபவரானார், வரிக்கூலியும் குறைந்தது. பலர் மெடிக்கல் கோடிங்குக்கு மாறினர்.

ஆகவே பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் பெற்றோர் ஒன்று விசாரிக்க வேண்டும்: டைப்பிங் மட்டும்தானா, உடற்கூறும் மருந்துப் பெயர்களும் உண்டா? விரல் வேலையை மெஷின் செய்துவிடும். மெஷின் 'ஹைப்போ' என்று எழுதியிருக்க, மாத்திரைப் பெயரைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவருக்கே வேலை நிலைக்கும்.